மோலா என்றால் விடு

கடல்மேல் ஆசைப்பட்டுக் கடலுக்கு வந்தவள் இல்லை யான்யா. காளான் கொட்டகைக்குப் போகாமல் தப்பிக்க வந்தவள்.

அவளுடைய அண்ணன் மாத்தோ அயர்லாந்தில் காளான் பறிக்கிறான். கடலே இல்லாத ஸ்லவோனியாச் சமவெளியில் அவர்கள் ஊர்; ஊரில் பாதிப் பேர் இப்போது அயர்லாந்தில்தான் இருக்கிறார்கள். ஜன்னல் இல்லாத கொட்டகை, அடுக்கடுக்காகத் தட்டுகள், எந்நேரமும் ஈரம். தங்கைக்கும் அங்கே ஓர் இடம் பிடித்து வைத்திருந்தான். புதுவருஷம் கழிந்ததும் பஸ் ஏற வேண்டும். அதற்குள் அவளாக ஒரு வேலை தேடிக்கொண்டால் ஏற வேண்டாம். அண்ணனுக்கும் தங்கைக்கும் அப்படி ஒரு ஒப்பந்தம்.

வேலைக்குப் பயந்தவள் இல்லை அவள். பன்றி அறுக்கும் நாளில் கொதிநீர் அண்டாவை ஒரு பக்கம் தூக்கினால் மறுபக்கம் இரண்டு ஆண்கள் தூக்க வேண்டியிருக்கும். ஆனால் கோழி ஆலை ஒன்றில் ஒரு குளிர்காலம் முழுக்கக் கூரைக்கடியில் நின்று பார்த்துவிட்டாள். அந்த ட்யூப் லைட் வெளிச்சத்தில் இன்னொரு குளிர்காலம் நிற்பதைவிட கிணற்றில் விழுந்துவிடலாம் என்று தோன்றியது. அப்போதுதான் ஸ்ப்ளிட் நகரத்து வின்காவைப் பற்றிக் கேள்விப்பட்டாள்.

வின்கா பணக்காரர்களின் பாய்மரப் படகுகளை அவர்கள் இல்லாத குளிர்காலத்தில் ஒரு துறைமுகத்திலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோய் விடுகிறவள். முப்பத்தைந்து வயது, வெயிலில் வெந்த மூக்கு, பொறுமை என்பது மருந்துக்கும் கிடையாது. ஜனவரியில் ஒரு பெரிய படகைக் கிரேக்கத்துக் கோர்ஃபு தீவுக்குக் கொண்டுபோக அவளுக்கு மூன்று ஆட்கள் தேவைப்பட்டார்கள். பழைய ஆட்கள் எல்லாம் பெரிய கப்பல்களுக்கு ஓடிவிட்டார்கள். அதனால் டிசம்பரில் தன்னுடைய சொந்தப் படகான ‘ஸர்தேலா’வில் மூன்று புதியவர்களை ஏற்றிக்கொண்டு வீஸ் தீவு வரை போய்வருவது என்று முடிவு செய்தாள். தேறினால் கோர்ஃபு, தேறாவிட்டால் வீடு.

ஸர்தேலா என்றால் மத்திமீன். உள்ளே மத்தியைப் போல்தான் படுக்க வேண்டும்.

மற்ற இரண்டு பேரில் ஒருவன் டுயே. ஸ்ப்ளிட்காரன், மீன்பிடிக் குடும்பம், தூங்கும்போது மட்டும் வாய் மூடியிருக்கும். இன்னொருவன் ஷிபெனிக்கிலிருந்து வந்த ஷ்பிரோ. ரொட்டிக்கடைக்காரர் மகன். படகு அசைந்தால் வாந்தி எடுப்பான். எடுத்து முடித்து வாயைத் துடைத்துக்கொண்டே, “ராத்திரிக்கு என்ன சமைக்கட்டும்?” என்று கேட்பான். அவன் சமையலுக்காகவே அவனைச் சகித்துக்கொண்டார்கள்.

எங்கள் கரையில் படகோட்டுகிற பேச்சு தனி. பள்ளிக்கூடத்துப் பாஷை கல்துறையோடு நின்றுவிடும், படகில் ஏறாது. எங்களை ஆண்ட வெனிஸ்காரன் விட்டுப்போனது பாதி, அப்பன் பாட்டன் கத்திக் கத்திச் சிதைத்தது பாதி. சமவெளியில் சோளக்காட்டுக்கு நடுவே வளர்ந்த யான்யாவுக்கு அதில் ஒன்றும் புரியவில்லை. ஆனால் அவள் கைவலுவைப் பார்த்த வின்கா, துறைமுகத்துக்குள் பழகிய முதல் நாளிலிருந்தே அவளை இழுக்கிற வேலைக்கே போட்டுவிட்டாள். இழு, இன்னும் இழு, கட்டு. இழுக்கிறவளுக்கு இரண்டு மூன்று வார்த்தை போதும். கயிற்றை விடுகிற வேலை டுயேயிடம் இருந்தது, அவனுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. இப்படித்தான் முக்கியமான ஒரு வார்த்தை அவளிடம் வந்து சேராமலே போனது.

ஸ்ப்ளிட்டை விட்டுக் கிளம்பிய காலையில் மலைப்பக்கமிருந்து வாடை இறங்கிக்கொண்டிருந்தது. வானம் கழுவிவிட்டதுபோலச் சுத்தம், காற்று கத்தி. ஷோல்தா தீவுக்கும் ப்ராச் தீவுக்கும் நடுவிலுள்ள குறுகிய வாயிலுக்குள் நுழையும்முன், காற்றைப் பக்கவாட்டில் வாங்கிக் குறுக்கே ஓட்டிப் பழகச் சொன்னாள் வின்கா. அவள் சுக்கானில். பெரிய பாயைப் பிடித்திருக்கிற பாய்க்கயிறு யான்யா கையில். கயிறு விடுகிற டுயே அன்றைக்கு முன்னால் அணியத்தில். ஷ்பிரோ கீழே பீன்ஸும் பாஸ்தாவும் வேகவைத்துக்கொண்டிருந்தான்.

“கை எப்படி இருக்கு, வயக்காட்டுப் பொண்ணு?” என்றான் டுயே.

“உன் கழுத்தப் புடிக்கிற அளவுக்கு நல்லா இருக்கு.”

அந்த நேரத்தில் ஒரு வீச்சு வந்தது. வாடை அப்படித்தான், வருகிறேன் என்று சொல்லிக்கொண்டு வராது. படகு ஒரே சாய்வாகச் சாய்ந்தது. ஒரு பக்கத்து விளிம்பு தண்ணீருக்குள் போயிற்று. கீழே பாத்திரங்கள் எல்லாம் ஒன்றாகக் கத்தின.

“மோலா!” என்று கத்தினாள் வின்கா. “யான்யா, மோலா! மோலா!”

எங்கள் கரையில் மோலா என்றால் விடு. கயிற்றை விடு, உடனே விடு. யான்யாவின் ஊரில் இந்தச் சொல் கிடையாது. அங்கே மோலி என்றுதான் ஒரு சொல் உண்டு. ஜெபம் பண்ணு என்று அர்த்தம். அந்தக் காற்றிரைச்சலில் ‘லா’வும் ‘லி’யும் யார் காதில் பிரியும்?

அவ்வளவு மோசமாகிவிட்டதா என்றுதான் நினைத்தாள் யான்யா. ஆலங்கட்டி மழை வந்தால் கோயில் மணி அடிக்கிற, கையில் இருப்பதைப் போட்டுவிட்டு எல்லோரும் ஜெபம் சொல்கிற ஊர் அவளுடையது. ஜெபம் பண்ணு என்று பெரியவர்கள் சொன்னால் ஏன் என்று கேட்கக்கூடாது. ஆனால் கையில் இருக்கும் கயிற்றைப் போட்டுவிட அவளுக்கு மனமில்லை. இது தன் பொறுப்பு. அதனால் அதை முஷ்டியில் இன்னும் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு, கண்ணை இறுக மூடி, “அருள் நிறைந்த மரியே வாழ்க” என்று சத்தமாக ஆரம்பித்துவிட்டாள்.

“மோலா, பாழாப்போனவளே!”

“கர்த்தர் உம்முடனே...”

டுயே தாவி வந்து அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தான். கயிறு சீறிக்கொண்டு ஓடியது. பாய் படபடத்தது. படகு எழுந்து நின்று, நாய்போல உடம்பை உதறிக்கொண்டது.

உள்ளேயிருந்து ஷ்பிரோவின் தலை மேலே வந்தது. முடியில் பீன்ஸ். காதோரம் பாஸ்தா.

“யாராச்சும் செத்துட்டாங்களா?” என்றான். “சூப் செத்துப்போச்சு.”

“என்னடி பண்ணுன?” என்று சுக்கானிலிருந்தே கத்தினாள் வின்கா.

“நீங்கதானே ஜெபம் பண்ணச் சொன்னீங்க!”

டுயே அப்படியே தளத்தில் உட்கார்ந்தான். தொடையில் அடித்துக்கொண்டு, மூச்சு வாங்காமல், கண்ணீர் வரச் சிரித்தான். ஷ்பிரோவுக்கு விஷயம் புரிந்ததும் அவனும் படியில் சரிந்தான். பீன்ஸ் உதிர்ந்தது.

“கன்னியாஸ்திரி!” என்றான் டுயே. “மதர் யான்யா! நமக்காக வேண்டிக்கோங்க மதர்!”

வின்கா சிரிக்கவில்லை. யான்யாவின் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். கயிறு சுற்றிய இடத்தில் தோல் வெள்ளையாகிப் பள்ளமாக இருந்தது. இன்னும் கொஞ்சம் பலமான வீச்சாக இருந்திருந்தால் இரண்டு விரல் போயிருக்கும். வின்கா அப்படிப் பார்த்தவள், விரல் போன ஆட்களோடு வேலை செய்தவள்.

“வீஸ்ல இறங்கிக்க,” என்றாள். “காலைல ஸ்ப்ளிட்டுக்குப் பயணிப் படகு இருக்கு.”

வீஸ் போகும் வழியில் ஷ்பிரோ ரொட்டியும் பாலாடைக்கட்டியும் கொடுத்தான். யான்யாவுக்கு இறங்கவில்லை. சாய்ந்த வெயிலில் தீவும் கல்துறையும் தெரிந்தபோதும் அவள் கண்ணில் பட்டது தட்டுத் தட்டாகக் காளான்தான்.

படகைக் கட்டி முடித்ததும் அவள் வின்கா முன்னால் போய் நின்றாள். அதுவரை நீங்க, வாங்க என்று பேசியவள்.

“நீ சொல்லிக் குடுக்காத வார்த்தைய நான் எப்படிப் புரிஞ்சுக்கிறது?” என்றாள். “இழு இழுன்னே வச்சிருந்த. விடுறதுக்கு என்ன பேருன்னு ஒரு நாள் சொன்னியா?”

“கேட்டியா நீ?”

“இப்படி ஒண்ணு இருக்குன்னு தெரிஞ்சாத்தானே கேக்க!”

“கடல்ல கேக்கத் தெரியாதவள வச்சுக்கிட்டு நான் கோர்ஃபு போக முடியாது. அங்க நான் தூங்குற நேரத்துல என் உயிர் உன் கைல இருக்கும். எனக்கு இன்னும் கொஞ்ச நாள் வாழணும், பொண்ணே.”

யான்யா பை கட்டப் போனாள்.

மறுநாள் காலை வாடை இன்னும் பலத்துவிட்டது. துறையில் நின்ற கார்களின்மேல் உப்பு படிந்திருந்தது. பயணிப் படகு ஓடாது என்று சொல்லிவிட்டார்கள். அதற்கடுத்த நாளும் அதே கதை. வின்கா ஓட்டலில் உட்கார்ந்து சீட்டாடினாள். மற்ற மூவருக்கும் போக இடமில்லை.

டுயேதான் ஆரம்பித்தான். அன்பினால் இல்லை. யான்யா போய்விட்டால் வின்கா அவனுடைய ஒன்றுவிட்ட சகோதரனைக் கூப்பிட்டுக்கொள்வாள் என்பது அவனுக்குத் தெரியும்.

“அந்தக் கழுதையோட ஒரே அறையில படுக்கிறதுக்குப் பதிலா நான் உனக்குப் பாடம் எடுக்கறேன்,” என்றான். “அவன் பல்லு விளக்கமாட்டான். வா இங்க.”

துறைக் கல்லில் கயிற்றை ஒரு சுற்றுச் சுற்றி நுனியை அவளிடம் கொடுத்தான். மறுமுனையைத் தானும் ஷ்பிரோவும் இழுத்துப் பிடித்துக்கொண்டார்கள். மோலா என்றதும் விட வேண்டும். முதலில் அவள் கை விடவில்லை. விடு என்று தெரிந்தும் விடவில்லை. எதையும் கைநழுவ விட்டால் திட்டு வாங்கி வளர்ந்த கை அது.

“பொருளப் புடிச்சு வைக்கறதுதான்டா எங்க வீட்ல வேலை,” என்றாள் எரிச்சலோடு.

“இங்க பாதி வேலை விடுறது. மறுபடி. மோலா!”

மூன்றாம் தடவையோ நாலாம் தடவையோ அவள் விட்டாள். சொல்லாமல் கொள்ளாமல் சட்டென்று விட்டதில் டுயேயும் ஷ்பிரோவும் பின்பக்கமாக விழுந்தார்கள். வலை தைத்துக்கொண்டிருந்த மீனவர்கள் கைதட்டினார்கள்.

அதற்குப்பின் துறைமுகத்துக்கே அது விளையாட்டாகிவிட்டது. ஜெபக் கதையை டுயே எல்லோரிடமும் சொல்லிவிட்டான். காபிக்கடைக்காரரிலிருந்து தபால்காரி வரை, அவளைப் பார்த்தவர்களெல்லாம் “மோலா!” என்றார்கள். அவள் நெத்திலி வைத்துச் சுட்ட ரொட்டியை வாயருகே கொண்டுபோனபோது யாரோ கத்த, ரொட்டி கீழே. ஷ்பிரோவுக்காக முட்டை வாங்கி வரும்போது மீன்கடை அம்மாள் கத்த, முட்டைப் பை அப்படியே கல்லின்மேல்.

மஞ்சள் கரு வழிவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள் யான்யா.

“கையா இது!” என்று மீன்கடை அம்மாள் கும்பிட்டாள். “மன்னிச்சுக்கம்மா, இவ்ளோ சீக்கிரம் விடுவேன்னு நான் நெனைக்கல.” இரண்டு மத்திக் கூறு இனாமாகப் பொட்டலம் கட்டிக் கொடுத்தாள்.

ஓட்டல் வாசலில் நின்று இதையெல்லாம் வின்கா பார்த்தாள். சீட்டைக் கையில் வைத்துக்கொண்டே, “இப்ப யார் கத்துனாலும் விடுவாளா?” என்று டுயேயைக் கேட்டாள்.

“யார் கத்துனாலும்!” என்றான் அவன் பெருமையாக.

“அப்ப முன்னவிட மோசம்,” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அது யான்யாவின் காதில் விழுந்தது. அன்றைக்கு முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தாள்.

காற்று பாதியாக இறங்கிய காலையில் பயணிப் படகு இன்னும் யோசித்துக்கொண்டிருந்தது. வின்காவால் காத்திருக்க முடியாது, ஸ்ப்ளிட்டில் அவளுக்கு வேலை கிடந்தது.

“சரக்கு மாதிரி வந்து உக்காரு,” என்றாள் யான்யாவிடம். “எதையும் தொடாத.”

சரக்குபோலவே உட்கார்ந்தாள். எதிர்க்காற்று, அலை குத்துகிறது, முகமெல்லாம் உப்பு. கை சும்மா இருந்ததால் கண்தான் வேலை செய்தது. டுயே பாய்க்கயிற்றைப் பிடித்திருந்த விதத்தைப் பார்த்தாள். தண்ணீரைப் பார்த்தாள். வீச்சு வருவதற்கு முன்னால் தண்ணீர் ஓரிடத்தில் கறுத்துச் சுருங்குகிறது. காற்று போகிற சோளக்காடு மாதிரி, அந்தக் கறுப்பு ஓடி வருகிறது. வந்து சேர்ந்ததும் படகு சாய்கிறது. அதற்குள் கொஞ்சம் விட்டால் சாயாது. டுயே பேசிக்கொண்டிருந்ததால் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தாமதமாகத்தான் விட்டான்.

வாயிலை நெருங்கும்போது காற்று மறுபடி ஏறியது. இடப்பக்கம் ஷோல்தாவின் பாறைகள் வெள்ளையாக நுரைத்தன.

“இந்தக் காத்துக்கு முன்பாய் ஜாஸ்தி,” என்றாள் வின்கா. “டுயே, போய் இறக்கு. ஷ்பிரோ, பாய்க்கயிறு!”

ஷ்பிரோ ஒரு வாளிக்குள் தலையை விட்டிருந்தான். தலையை எடுக்காமலே கையை ஆட்டினான், என்னால் முடியாது என்று.

வின்கா ஒரு கெட்ட வார்த்தை சொன்னாள். பிறகு யான்யாவைப் பார்த்தாள். “புடி.”

யான்யா பிடித்தாள். முஷ்டியில் சுற்றவில்லை. டுயே தவழ்ந்து அணியத்துக்குப் போனான்.

ஒரு கறுப்பு வந்தது. யான்யா விட்டாள், கொஞ்சம்தான். படகு தலையை மட்டும் அசைத்துவிட்டு ஓடியது. இழுத்துக்கொண்டாள். அடுத்தது வந்தது. விட்டாள், இழுத்தாள். வின்கா வாயைத் திறந்தாள், சொல்ல ஒன்றும் இல்லாததால் மூடிக்கொண்டாள்.

அப்போதுதான் முன்னாலிருந்து டுயே கத்தினான்: “மோலா!”

யான்யாவின் விரல்கள் தாமாகவே திறக்கப் பார்த்தன. துறையில் பழகின பழக்கம். பாதி திறந்துவிட்டன என்றே சொல்லலாம். ஆனால் தண்ணீரில் கறுப்பு எதுவும் இல்லை. இடப்பக்கம் பாறை இருந்தது. இந்தக் கயிற்றை இப்போது விட்டால் படகு ஓட்டத்தை இழந்து அங்கேதான் சறுக்கும். டுயே இரண்டு கையாலும் முன்பாயைப் பற்றிக்கொண்டு நின்றான். அவன் கேட்டது அந்தப் பாயை மேலே தூக்கி நிறுத்தியிருக்கிற கயிற்றை. அதன் நுனி பின்னால் வந்து கட்டப்பட்டிருந்தது, ஷ்பிரோவின் முழங்காலுக்குப் பக்கத்தில்.

“ஷ்பிரோ, உன்னத்தான்!” என்று காலால் அவனை உதைத்தாள். “மோலா!”

ஷ்பிரோ திடுக்கிட்டு நிமிர்ந்தான். கீழ்ப்படிந்தான். வாளியை விட்டான்.

வாளி அலைமேல் ஒரு தடவை மிதந்து, குப்புறக் கவிழ்ந்து, போயே போய்விட்டது.

“கயித்தடா, கழுதை!” என்று முன்னாலிருந்து அலறினான் டுயே. “கயித்த!”

ஷ்பிரோ கடலைப் பார்த்துக்கொண்டிருந்தான். யான்யா ஒரு கையில் பாய்க்கயிற்றைப் பிடித்தபடியே குனிந்து மறுகையால் அந்தக் கயிற்றின் முடிச்சைத் தட்டி அவிழ்த்தாள். முன்பாய் மொத்தமாக இறங்கி டுயேயின்மேல் விழுந்து அவனை மூடியது. உள்ளேயிருந்து அவனுடைய வசவு மட்டும் வந்துகொண்டிருந்தது. பாறைகள் பின்னால் போயின.

வின்காவின் தோள்கள் குலுங்கின. காற்றுக்கு முதுகைக் காட்டுவதுபோலத் திரும்பிக்கொண்டாள். ஆனால் அவள் சிரித்ததை யான்யாவும் ஷ்பிரோவும் பார்த்துவிட்டார்கள்.

“அவன் கத்துனப்ப நீ ஏன் விடல?” என்று பிறகு கேட்டாள்.

“அவன் யார்ட்ட கத்துனான்னு பார்த்தேன்.”

“பார்க்க நேரம் இருந்துச்சா?”

“கொஞ்சூண்டு இருந்துச்சு. அதுக்குள்ள பார்த்துட்டேன்.”

ஸ்ப்ளிட் வரை வின்கா பாய்க்கயிற்றைத் திரும்பக் கேட்கவில்லை.

துறையில் படகைக் கட்டிக்கொண்டிருக்கும்போதே மாத்தோவின் போன் வந்தது. பஸ்ஸில் இடம் போடட்டுமா என்றான். யான்யா போனைக் கையால் பொத்திக்கொண்டு வின்காவைப் பார்த்தாள்.

“அண்ணன். பஸ்ஸுக்குக் கேக்கறான். என்ன சொல்லட்டும்?”

வின்கா கயிற்றைச் சுருட்டிக்கொண்டே இருந்தாள். டுயேயும் ஷ்பிரோவும் வேலை செய்வதுபோல நடித்துக்கொண்டு நின்றார்கள்.

“வேற யாரையாவது அந்தக் காளானப் பறிக்கச் சொல்லு,” என்றாள் வின்கா. “நீ கோர்ஃபு வர. ஷ்பிரோ புது வாளி வாங்கிட்டு வரான்.”

டுயே ஒரு கூச்சல் போட்டான். யான்யா போனைக் காதில் வைத்தாள்.

“அண்ணா, நான் பஸ் ஏறல. படகு ஏறறேன். ஆமா, படகுதான். கிரேக்கத்துக்கு. என்ன? ... நீச்சலா? இன்னும் தெரியாதுண்ணா.”

கயிறு சுருட்டிக்கொண்டிருந்த வின்காவின் கை நின்றது.

“என்ன தெரியாது?”

“நீச்சல்.”

“நீச்சல் தெரியாதா?”

“யாரும் கேக்கலையே,” என்றாள் யான்யா. “எங்க ஊர்ல அதுக்குத் தண்ணி எங்க இருக்கு?”

வின்கா தலையில் கைவைத்துக்கொண்டு படகின் விளிம்பில் உட்கார்ந்தாள். பிறகு எழுந்தாள். “டுயே, இவ பையத் தூக்கு. ஷ்பிரோ, துண்டு எடு. பாச்வித்செக்கு நட. இப்பவே.”

பாச்வித்செ கடற்கரையில் டிசம்பரிலும் ஆள் இருக்கும். கால்சட்டை மட்டும் போட்ட கிழவர்கள் முழங்கால் தண்ணீரில் நின்று பந்து தட்டிக்கொண்டிருந்தார்கள். நடுவில் டுயேயும் ஷ்பிரோவும் ஒரு பெண்ணின் வயிற்றுக்கடியில் கைகொடுத்துத் தாங்கிக்கொண்டு வந்து நின்றதும் அவர்களுக்கு ஆட்டம் கெட்டது.

“பிள்ளைகளா, குளியல் தொட்டி இல்லையா வீட்ல?” என்றார் ஒருவர்.

“கோர்ஃபுக்குப் போறோம் பெரியவரே!” என்றான் டுயே, பல் கிடுகிடுக்க.

“நடந்தா?”

யான்யா ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு இருமினாள். “தூ! என்னா உப்பு!”

“பின்ன, தேனா ஊத்தி வச்சிருப்பாங்க? காலை அடி!” என்றான் டுயே.

மணலில் மேல்கோட்டு போட்டு நின்ற வின்கா, காலை அடி, கையை நீட்டு, தலையைத் தூக்காதே என்று பள்ளிக்கூடப் பாஷையிலேயே கத்திக்கொண்டிருந்தாள். மாத்தோ அன்றைக்குத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டான். போனை எடுக்கும் அளவுக்கு அவள் கையில் ஈரம் காயவே இல்லை.